இல்லாத வண்டி

ஹெரன் முனை,
வான்கூவர் தீவு,
அக்டோபர் 15.

அன்பு மகள் கோரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் இங்கே சௌக்கியம் என்று முதல் வரி எழுதிவிட்டு, பொய் எதற்கு என்று அடித்துவிட்டேன். மேலே கறுப்பாகத் தெரிவது அதுதான். நீ போனை எடுப்பதில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடவாவது கையில் எடுத்தாக வேண்டுமே.

முதலில் சாவுச் செய்தி. பதறாதே, நம் சங்கத்து வண்டிதான். டயாலிசிஸ் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு மில்போர்ட் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பாலத்தின் நட்டநடுவில் ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். லவீனியா அத்தை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு முன்னாடி போயிட்டியே, புண்ணியவதி" என்றாளாம். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கு அவள் ஜன்னல் வழியாகச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இப்போது என் அண்ணன், அதாவது உன் பெர்சி மாமாவின் மீன் லாரியில்தான் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார்கள். ஹீட்டர் கிடையாது. வாடை உண்டு. நர்ஸ் உன் அப்பாவைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அம்ப்ரோஸ், உங்க ரத்தத்தைச் சுத்தம் பண்ண மிஷின் இருக்கு, இந்த வாடைக்கு எங்ககிட்ட மிஷின் இல்ல" என்றாளாம். அப்பா சிரித்தார். ஆனால் குளிரில் போய்த் திரும்பி வந்தால் மறுநாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறார். ஒரு முறை போகாமல் விட்டால் கால் வீங்கிவிடுகிறது. அதனால் வண்டி இல்லாமல் இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்பதுதான் என் ஒரே கவலை. நான் சங்கத்துக்குத் தலைவி. தலைவி என்றால் போன் எடுப்பது, டிரைவருக்கு சாண்ட்விச் கட்டுவது, கூடத்தைத் துடைப்பது.

இந்த நேரத்தில் கூடத்துக் கதவைத் தட்டியவர் யார் தெரியுமா? நார்மன் விக்கர்ஸ்! அதே விக்கர்ஸ்தான். நம் மலையை மொட்டையடித்த மரக் கம்பெனியை நடத்தி, அப்பாவுக்குச் சம்பளக் கவர் கொடுத்த மனிதர். விடுதிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிடித்துக்கொண்டு போன நம் பூர்வகுடிப் பிள்ளைகளை நாடே நினைக்கும் ஆரஞ்சு சட்டை நாள் அன்றைக்கு வந்தார். கடையில் பெரிய அளவு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, சட்டைக்குக் கீழே தொப்புள் எட்டிப் பார்த்தது. பேத்தி பள்ளிக்கூடத்தில் என்னவோ படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டாளாம். நல்லிணக்கத்துக்குத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்றார். கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை.

நல்லது, உட்காருங்கள் என்று காப்பி கொடுத்தேன். தன் குடும்பப் பெயர் பொறித்த பளிங்குப் பெஞ்சு ஒன்று கூடத்து வாசலில் போடட்டுமா என்றார். இந்த மழையில் காக்காய்தான் உட்காரும் என்றேன். அடுத்த வாரம் வந்தார், மூடிப்போன ஜிம்மிலிருந்து உடற்பயிற்சி சைக்கிள்கள் தருகிறேன் என்றார். "எங்க ஆளுங்க மிஷின்ல படுத்து எழுந்து வந்து வாசப்படி ஏறவே ஆள் பிடிக்கணும் சார். சைக்கிள எங்க மிதிக்கறது?" என்றேன். "அப்ப உங்களுக்கு என்னதாம்மா வேணும்?" என்று எரிச்சலாகக் கேட்டார். "இத முதல்லயே கேட்டிருந்தா ஒரு காப்பி மிச்சமாயிருக்கும்" என்றேன்.

எங்களுக்கு வண்டி வேண்டும், எந்த வண்டி என்பதை நாங்கள் சொல்வோம், யார் ஓட்டுவது, யார் ஏறுவது எல்லாம் சங்கத்து முடிவு, நீங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். நம்ப மாட்டாய், தலையாட்டினார். நேற்று வண்டி வந்தும் விட்டது. சீட்டு சூடாகிறது கோரின், உட்கார்ந்தால் இடுப்பு வலியே தெரியவில்லை! ஒரே ஒரு குறை. இரண்டு பக்கமும் ஒரு பழுப்புக் கையும் ஒரு ரோஜாநிறக் கையும் குலுக்கிக்கொள்வதுபோல் படம் போட்டு, "நல்லிணக்கம்: விக்கர்ஸ் குடும்பத்தின் அன்பளிப்பு" என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. லவீனியா அத்தைதான், "இருக்கட்டும் விடுடி. வழியில நின்னா யாரத் திட்டறதுன்னு தெரியும்ல" என்று சமாதானம் செய்தாள்.

சனிக்கிழமை கூடத்தில் விருந்து வைத்து முறைப்படி வண்டியை வாங்கிக்கொள்கிறோம். பெர்சி மாமாதான் பேசுகிறார், வேறு யார்?

அப்பா உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்ததும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, நான் காகிதத்தைத் திருப்பும்போதெல்லாம் இந்தப் பக்கம் பார்க்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா,
வெர்னா


ஹெரன் முனை,
நவம்பர் 2.

அன்புள்ள கோரின்,

சென்ற கடிதத்தில் வண்டி வந்துவிட்டது என்று எழுதினேன் அல்லவா? வரவில்லை. அதாவது வந்தது, ஆனால் வரவில்லை. தலையைச் சொறியாதே, சொல்கிறேன்.

விருந்துக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. சாமன் மீன், பொரித்த ரொட்டி, கிளிஞ்சல் சூப். நார்மனையும் அவர் மனைவி ஈடித்தையும் முன்னால் உட்கார வைத்து, நார்மன் தோளில் கம்பளி போர்த்தினோம். மனிதர் புது மாப்பிள்ளை மாதிரி நெளிந்தார். பெர்சி மாமா தடியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வண்டிக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் வண்டி எதற்கு வந்தது என்று சொல்ல வேண்டாமா? சொன்னார். "எங்க பெரியவங்களப் பொதச்ச எடத்து மேல கம்பெனி ரோடு போட்டுச்சு. மலையில மரம் போச்சு. மரம் போனதும் மழையில மண்ணு எறங்குச்சு. மண்ணு ஆத்த மூடினதும் மீன் போச்சு. மீன் போனதும் டப்பாச் சோறு வந்துச்சு. டப்பாச் சோத்தோட சர்க்கரை வந்துச்சு, சர்க்கரையோட டயாலிசிஸ் வந்துச்சு, இப்ப அதுக்கு வண்டி வந்திருக்கு. வண்டிக்கு நன்றி." நார்மன் முகம் கொஞ்சம் வெளுத்தது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் நம் முறைப்படி, நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளச் சாட்சிகளைக் கூப்பிட்டோம். முதல் பெயரே நார்மன் விக்கர்ஸ். எவ்வளவு பெரிய மரியாதை! லவீனியா அத்தை தள்ளாடித் தள்ளாடிப் போய் அவர் உள்ளங்கையில் சாட்சிக்கான இரண்டு காசை வைத்து மூடினாள். மனிதர் கையைத் திறந்து பார்த்தார். எழுந்தார். நெஞ்சில் கை வைத்து, "ஐயய்யோ, உங்ககிட்டப் போய் நான் காசு வாங்குவேனா? உங்களுக்கே ஆயிரம் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று நடந்துபோய் வாசலில் இருந்த நன்கொடை டப்பாவில் இரண்டையும் போட்டுவிட்டார்! டங்கு டங்கு என்று விழுந்தது. கைதட்டுவார்கள் என்று சிரித்த முகத்தோடு திரும்பினார். அடுப்பில் சூப் கொதிக்கிற சத்தம்தான் கேட்டது.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பெர்சி மாமா நிதானமாகச் சொன்னார்: "சாட்சி காசத் திருப்பிட்டாரு. அப்ப இன்னிக்கு இங்க யாரும் எதையும் சொல்லல, யாரும் எதையும் கேக்கல. வண்டின்னு ஒண்ணும் வரல. சூப் ஆறுது, சாப்பிடுங்க." நார்மனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து வண்டி கூடத்து வாசலில் நிற்கிறது, யார் கண்ணுக்கும் படுவதில்லை. பக்கத்தில் வந்ததும் எல்லோரும் காரணமே இல்லாமல் வளைந்து நடக்கிறார்கள். பெர்சி மாமா இருட்டில்கூட இல்லை, பட்டப்பகலில் அதன் பம்பரில் முழங்காலை இடித்துக்கொண்டார். "என்னண்ணே, எதுல இடிச்சீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுலயும் இல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டிப் போனார். நார்மன் போன் செய்து வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டாராம். எடுத்தது லவீனியா அத்தை. "எந்த வண்டிங்க?" என்றாளாம். "நான் குடுத்தேனே, அந்த வண்டி!" என்றாராம். "நீங்க ஒண்ணும் குடுக்கலையே. பேரு என்ன சொன்னீங்க?" என்றாளாம். அவர் மறுபடியும் மறுபடியும் பேரைச் சொல்ல, இவள் எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சிரித்தது போதும். உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நோயாளிகள் ஏறினால் தான் கண்ணை மூடிக்கொள்வதாகப் பெர்சி மாமாவே இறங்கி வந்தார். "மாப்ள, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், நீ ஏறிடு" என்று கெஞ்சினார். அப்பா கேட்கவில்லை. "இல்லாத வண்டியில எப்படி மச்சான் ஏறறது?" என்றார். நான் கத்தினேன். நீ செத்தால் என்ன செய்வேன் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அதற்கு அவர், "அந்த ஆளு வாயால சொல்லி நான் ஒரு தடவ கேக்கணும் வெர்னா. அதுக்கப்புறம் எதுல வேணா ஏறறேன்" என்றார். என்ன கேட்க வேண்டும் என்றால் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அம்ப்ரோஸ் ஏறாத வண்டியில் நாங்களும் ஏற மாட்டோம் என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிடிவாதத்துக்குப் பரிசு கொடுத்தால் நம் ஊருக்குத்தான்.

நேற்று மீன் லாரியும் நடுவழியில் நின்றுவிட்டது. அப்பாவுக்கு டயாலிசிஸ் தவறிப் போயிற்று. சாயங்காலமே கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்து, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. அது போகும்போது அந்த வண்டியைச் சுற்றித்தான் திரும்பிப் போனது. சாவி என் ஏப்ரன் பையில் இருந்தது. இன்றைக்கு அப்பா பரவாயில்லை, கஞ்சி குடித்தார்.

நாளைக்கு நார்மன் வீட்டுக்குப் போகிறேன். என் நாக்கைப் பற்றி உனக்குத் தெரியும். அவருக்காக வேண்டிக்கொள்.

உன் அம்மா,
வெர்னா


ஹெரன் முனை,
நவம்பர் 18.

என் கண்ணான கோரினுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதே. உட்கார்ந்து படி.

நார்மன் வீட்டுக்குப் போனேன். ஈடித் ஆப்பிள் பை சுட்டு வைத்தாள். நான் கையே வைக்கவில்லை, என் கோபத்துக்கு அது பெரிய தியாகம். "சார், வண்டி குடுத்ததுக்கு நீங்க கேட்ட வரி ரசீத நாங்க குடுத்தோம்ல? அந்த ரெண்டு காசு எங்க ரசீது" என்று ஆரம்பித்தேன். வாங்கியவர் பார்த்ததையும் கேட்டதையும் மறக்கக் கூடாது, கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும், அதைத் திருப்பிக் கொடுத்தால் நடந்ததே நடக்கவில்லை என்று அர்த்தம், என் புருஷன் அதற்காக ஆம்புலன்ஸில் போய்வந்திருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மனிதர் ஆடிப்போனார். உங்களிடம் போய்க் காசு பிடுங்கக் கூடாது என்றுதான் டப்பாவில் போட்டேன், சத்தியமாகத் தெரியாது என்றார்.

தெரிந்த பிறகும் உடனே சரி என்று சொல்லவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "வண்டி வேணா இன்னொண்ணு வாங்கித் தரேன். இந்தச் சாட்சி வேண்டாம். நான் குடுத்ததே இந்தப் பேச்செல்லாம் ஒரு வழியா முடியட்டும்னுதான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் ஈடித் முந்திக்கொண்டாள். "இவரு யார்கிட்டயும் எதையும் வாங்க மாட்டாரும்மா. போன பொறந்தநாளுக்கு நான் பின்னிக் குடுத்த ஸ்வெட்டருக்கு எனக்கே பணம் எடுத்துக் குடுத்தாரு!" என்றாள். சொல்லிக்கொண்டே அழுதாள். நான் எழுந்து வந்துவிட்டேன். வரும்போது அந்த ஆப்பிள் பையில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன், அப்பாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் பிங்கோ ஆட்டம். பெர்சி மாமா எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், கதவைத் திறந்துகொண்டு நார்மனும் ஈடித்தும் நிற்கிறார்கள். மழையில் தொப்பலாக நனைந்து. பெர்சி மாமா ஆட்டத்தை நிறுத்தினார். லவீனியா அத்தைக்கு இன்னும் ஒரே ஒரு எண்தான் பாக்கி. "நூறு வருஷம் பொறுத்தோம், இன்னும் ஒரு நம்பர் பொறுக்கக் கூடாதா?" என்று கத்தினாள். ஆனாலும் அவள்தான் எழுந்து வந்தாள். டப்பாவில் விழுந்த காசு எப்போதோ உருளைக்கிழங்காக மாறிவிட்டதால், நான் என் பர்ஸிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்தேன். நார்மன் கையை நீட்டினார். இந்த முறை மூடிக்கொண்டார்.

பெர்சி மாமா, "சாட்சி என்ன கேட்டீங்க, சொல்லுங்க" என்றார். மலை, மரம், மண், மீன், டப்பாச் சோறு என்று நார்மன் வரிசை தப்பாமல் சொன்னார், சர்க்கரைக்கும் டயாலிசிஸுக்கும் நடுவில் கொஞ்சம் திணறினார், கூட்டமே எடுத்துக்கொடுத்தது. முடிந்தது என்று நினைத்தோம். அவர் உட்காரவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன்:

"கேட்டது அவ்வளவுதான். பாத்தது இன்னும் ஒண்ணு இருக்கு. அது கல்லறைன்னு எனக்குத் தெரியும். ரோட்டுக்கு மரம் வெட்டறதுக்கு முதல் நாள் அம்ப்ரோஸ் என் ஆபீசுக்கு வந்து, அங்க மட்டும் வெட்ட மாட்டேன்னு சொன்னாரு. வேலை வேணுமா வேண்டாமான்னு கேட்டேன். வீட்டுல பொம்பளப் புள்ள பொறந்து ஒரு மாசம்தான் ஆச்சுன்னாரு. நான் கடிகாரத்தப் பாத்தேன். மறுநாள் ரம்பத்தோட வந்தாரு. அந்த ரூம்ல எங்க ரெண்டு பேரத் தவிர யாரும் இல்ல."

கோரின், இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கே இது தெரியாது. நம் பெரியவர்கள் மேல் வளர்ந்த மரத்தைச் சம்பளத்துக்காக வெட்டியவர்தானே நீங்கள் என்று நீ வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாயே, அன்றைக்குக்கூட அவர் வாயைத் திறக்கவில்லை. பிறந்த மகளுக்காகத்தான் வெட்டினேன் என்று அந்த மகளிடமே எப்படிச் சொல்வார்? நான் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை, பிங்கோ அட்டையே நனைந்துவிட்டது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி, உள்ளங்கையை மேலே காட்டி, நம் வழக்கப்படி நார்மனுக்கு நன்றி சொன்னார். அப்போது லவீனியா அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி, "அடியே வெர்னா! வாசல்ல ஒரு வண்டி நிக்குதே, யாரோடது?" என்றாள். எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். "ஆமா, வண்டி!" "எப்ப வந்துச்சு?" "ரெண்டு கை வேற குலுக்குது பாரு!" பெர்சி மாமா முழங்காலைத் தடவிக்கொண்டு, "அதான பாத்தேன், அன்னிக்கு எதுலயோ இடிச்சுதே" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்துவிட்டது. நார்மனும் சிரித்தார். பிறகு பாக்கி எண்ணைக் கூப்பிட்டார்கள். லவீனியா அத்தைக்கு வரவில்லை.

மறுநாள் அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சீட்டு ரொம்பச் சூடு என்று மில்போர்ட் வரை புகார் சொல்லிக்கொண்டே போனாராம், திரும்பும்போது தூங்கிவிட்டாராம். நார்மன்தான் இப்போது தொல்லை. கையில் காசு ஏறியதிலிருந்து மனிதர் பெட்ரோல் பங்கில், பாங்க் வரிசையில், முடி வெட்டுகிற இடத்தில், எங்கே நின்றாலும் கல்லறையும் ரோடும் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். பழைய கூட்டாளிகள் அவரைக் கண்டால் தெருவைத் தாண்டி ஓடுகிறார்களாம். ஈடித் புலம்புகிறாள். நாங்கள் அவரை ஒரு சாட்சியாகத்தான் கூப்பிட்டோம், அவர் பத்துப் பேர் வேலையைச் செய்கிறார்.

இனி உன் விஷயம். பிங்கோ அன்றைக்கு நார்மன் சாட்சி சொல்லி, ஆட்டமும் முடிந்த பிறகு, அப்பா மெள்ள எழுந்து நின்று சாட்சிக்கு இன்னும் ஒரு பெயர் கூப்பிட்டார். உன் பெயர். கை நீட்ட அங்கே நீ இல்லை. அதனால் உன் இரண்டு காசையும் என் கையில் வைத்தார். இந்தக் கடிதத்தின் அடியில் இரண்டையும் ஒட்டி அனுப்புகிறேன். காப்பி வாங்கிக் குடித்துவிடாதே. வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடு, நாங்களும் ஒன்றும் நடக்கவில்லை என்று இருந்துவிடுவோம், எங்களுக்கு அது நன்றாகப் பழகிவிட்டது. வைத்துக்கொண்டால் முறை உனக்கே தெரியும். இங்கே நடந்ததை உன் வாயால் சொல்ல வேண்டும், நேரில் வந்து.

டாக்டர் சொன்னதை எல்லாம் நான் எழுதப் போவதில்லை. வண்டியில் தன் பக்கத்து சீட்டில் அப்பா கோட்டை மடித்து வைத்திருக்கிறார். லவீனியா அத்தை கேட்டும் எடுக்கவில்லை, ஆள் வருகிறது என்கிறாராம். அந்த சீட்டும் சூடாகத்தான் இருக்கிறது, கண்ணே. நல்லா இரு, சீக்கிரம் வா.

உன் வரவை வாசலில் பார்த்திருக்கும்
அம்மா, வெர்னா